பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் ரெக்கார்ட் ஆகிறது: நானோகண்ட்ரோல்2 + ரீப்பர்

அம்மாபேட்டை_ஒலி:

வணக்கம். கோர்க் நானோகண்ட்ரோல்2 (ஃபேடரும் குமிழும் பட்டனும் உள்ள யூஎஸ்பி மிடி கன்ட்ரோலர்), விண்டோஸ் 11 லேப்டாப், ரீப்பர் 7 (ஒலிப்பதிவு மென்பொருள்). இடம் சேலம் அம்மாபேட்டை, சுற்றிலும் விசைத்தறி. தறி நிற்கிற இடைவெளியில்தான் குரலும் உடுக்கையும் பதிவு செய்ய முடியும். லேப்டாப் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க லேப்டாப் அடுத்த அறையில் இருக்கிறது. மைக் ஸ்டாண்டு பக்கத்தில் கன்ட்ரோலர் மட்டும்தான். பாடுகிறவரே பட்டனை அழுத்தி எடுக்கணும், தப்பினால் உடனே திரும்ப எடுக்கணும்.

ஆக்‌ஷன் லிஸ்டில் ரெக், பிளே, ஸ்டாப் மூன்றையும் ஒதுக்கியாச்சு. ரெக் விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும் என்று கோர்க் எடிட்டரில் பட்டன்களை டாகிள் ஆக்கியாச்சு. இப்போது உள்ள தொல்லைகள்:

1. ரெக் பட்டன் ஒருமுறை அழுத்தினால் ஓடுகிறது, அடுத்த முறை ஒன்றும் நடப்பதில்லை, மூன்றாவது முறை மறுபடி ஓடுகிறது. பிளேயும் அப்படியே.

2. முதல் டிராக்கில் ஆர்மோனியம் விஎஸ்டி (மென்பொருள் வாத்தியம்) இருக்கிறது. கன்ட்ரோலரில் முதல் ஆர் (R) பட்டனைத் தொட்டால் ஆர்மோனியச் சுரம் விடாமல் இழுத்துக்கொண்டே போகிறது. எட்டாவது ஃபேடரை இறக்கினால் ஆர்மோனியச் சத்தமும் இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் ரீப்பரில் எதையும் ஒதுக்கவில்லை.

3. விளக்கு எரிவதற்கும் உண்மையில் ரெக்கார்ட் ஆவதற்கும் சம்பந்தமே இல்லை. மௌஸால் நிறுத்தினாலும் ரெக் விளக்கு எரிகிறது.

4. யூஎஸ்பி துளை மாற்றிச் சொருகினால் எல்லாப் பட்டனும் செத்துப்போகிறது.

எந்த வரிசையில் சரிசெய்வது?

---

கோரிமேடு_மிக்ஸ்:

ஒன்றும் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைங்க. டாகிள்தான் காரணம்.

மொமென்டரி என்றால் அழுத்தும்போது 127, விடும்போது 0 போகும். டாகிள் என்றால் ஒரு அழுத்தலுக்கு 127, அடுத்த அழுத்தலுக்கு 0. ரீப்பர் ஆக்‌ஷன் ஓடுவது 127 வரும்போது. 0 வந்தால் கையை எடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். அதனால் ஒன்று விட்டு ஒரு அழுத்தல் வீண். விளக்கும் பட்டனுக்குள் இருக்கிற டாகிள் நிலையைத்தான் காட்டுகிறது, ரீப்பரில் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது தொல்லைக்கு எண்களைப் பார்க்கணும். நானோகண்ட்ரோல்2-இன் சிசி முறையில் (ஒவ்வொரு பட்டனும் ஒரு கன்ட்ரோல் எண்ணை அனுப்பும் முறை) ஆலையிலிருந்து வரும் எண்கள் இவை:

ஃபேடர் எட்டும் 0 முதல் 7 வரை
குமிழ் எட்டும் 16 முதல் 23
எஸ் வரிசை 32 முதல் 39
எம் வரிசை 48 முதல் 55
ஆர் வரிசை 64 முதல் 71
பிளே 41, ஸ்டாப் 42, ரிவைண்ட் 43, ஃபார்வர்டு 44, ரெக் 45, சைக்கிள் 46
டிராக் முன் பின் 58, 59. மார்க்கர் செட் 60, முன் பின் 61, 62

மிடி தரத்தில் சிசி 64 என்றால் சஸ்டெய்ன் பெடல். முதல் ஆர் பட்டனை டாகிளில் தொட்டீர்கள், 127 போய் அப்படியே நின்றுவிட்டது. ஆர்மோனியத்துக்கு யாரோ பெடலை மிதித்துக்கொண்டே நிற்கிற மாதிரி. மறுபடி தொட்டிருந்தால் நின்றிருக்கும். எட்டாவது ஃபேடர் சிசி 7, அது வால்யூம். அதே கணக்கில் இரண்டாவது ஃபேடர் மாடுலேஷன் (1), ஏழாவது டேட்டா என்ட்ரி (6), முதல் ஃபேடரும் முதல் எஸ் பட்டனும் பேங்க் செலக்ட் (0, 32). ஆர்மோனியத்தின் தொனி திடீரென்று மாறினால் அங்கே பாருங்க.

51 கன்ட்ரோலுக்கும் ஒவ்வொன்றாக எண் மாற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். மொத்தத்தையும் சேனல் 16-க்குத் தள்ளிவிடுங்க, போதும். வரிசை இது:

முதலில் ரீப்பரை மூடுங்க. விண்டோஸில் பெரும்பாலான மிடி டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் துறையைத் திறந்துவிடும். ரீப்பர் திறந்திருந்தால் எடிட்டர் கருவியைக் காணாது, எடிட்டர் திறந்திருந்தால் ரீப்பருக்கு எட்டாது.

கன்ட்ரோலரின் யூஎஸ்பியைக் கழற்றி, மார்க்கர் செட், சைக்கிள் இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்தபடி மறுபடி சொருகுங்க. சிசி முறைக்கு வந்துவிடும். வேறு முறையில் இருந்தால் எடிட்டரில் என்ன மாற்றினாலும் பட்டனில் ஏறாது.

கோர்க் கன்ட்ரோல் எடிட்டரில் குளோபல் மிடி சேனலை 16 ஆக்குங்க. எட்டு குரூப்பின் சேனலும் டிரான்ஸ்போர்ட் பட்டன்களின் சேனலும் குளோபல் என்றே இருக்கணும். யாராவது தனியாக எண் போட்டிருந்தால் அது மட்டும் பழைய சேனலிலேயே நிற்கும்.

பட்டன் பிஹேவியர் எல்லாம் மொமென்டரி. ஆன் 127, ஆஃப் 0.

பிறகு கம்யூனிகேஷன் மெனுவில் ரைட் சீன் டேட்டா. இதைச் செய்யாமல் மூடினால் மாற்றமெல்லாம் திரையோடு போய்விடும். முக்கால்வாசிப் பேர் "மாற்றினேன், மாறவில்லை" என்று வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது ரீப்பர். பிரிஃபரன்சஸில் மிடி இன்புட்ஸ் பக்கம் (பழைய பதிப்பில் ஆடியோவுக்குக் கீழே மிடி டிவைசஸ்). நானோகண்ட்ரோல்2 மேல் ரைட் கிளிக். கன்ட்ரோல் மெசேஜுக்கான டிக் இருக்கட்டும், சாதாரண இன்புட்டுக்கான டிக்கை எடுத்துவிடுங்க. இனி இந்தப் பெட்டி எந்த டிராக்குக்குள்ளும் மூக்கை நுழைக்காது. கீபோர்டு இருந்தால் அதற்கு நேர் எதிர்: இன்புட் வேணும், கன்ட்ரோல் வேண்டாம். ஆர்மோனிய டிராக்கின் இன்புட்டையும் ஆல் மிடி இன்புட்ஸிலிருந்து மாற்றி, கீபோர்டு, சேனல் 1 என்று கட்டிவிடுங்க.

கடைசியாக ஆக்‌ஷன் லிஸ்ட், கேள்விக்குறி விசையில் திறக்கும். பழைய ஷார்ட்கட்டுகள் சேனல் 1-க்குப் பதிவானவை, இனி வேலை செய்யாது. அழித்துவிட்டுப் புதிதாக ஆட் செய்யுங்க. ஆட் அமுக்கியதும் வரும் சின்னப் பெட்டியில் பட்டனைத் தட்டினால் சேனல் 16, சிசி 45 என்று தெரியணும். சேனல் 1 என்று வந்தால் ரைட் செய்ய மறந்திருக்கிறீங்க.

ஒதுக்க வேண்டிய ஆக்‌ஷன்களின் எண்கள்: ரெக்கார்ட் 1013, ஸ்டாப் 1016, பிளே 1007, மார்க்கர் வைக்க 40157, மெட்ரோனோம் 40364, அன்டூ 40029.

ஒரு பட்டன் எதை ஓட்டுகிறதென்று சந்தேகம் வந்தால் அதே லிஸ்டில் ஃபைண்ட் ஷார்ட்கட் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுப் பட்டனைத் தட்டுங்க, ஒதுக்கின ஆக்‌ஷனைக் காட்டும்.

துளை மாறினால் சாவது: விண்டோஸ் வேறு துளையில் அதே பெட்டியைப் புது ஆள் என்று நினைத்துப் பெயருக்கு முன்னால் 2 என்று சேர்த்துவிடும். ரீப்பரில் அந்தப் புதுப் பெயருக்கு டிக் இருக்காது. ஒரே துளையில் சொருகுங்க, துளைக்குப் பக்கத்தில் நெயில்பாலிஷ் புள்ளி வைத்துக்கொள்ளுங்க.

---

கொண்டைஊசி20:

கோரிமேடு சொன்னது சரி. ஆனால் விளக்குக்கு அதில் விடை இல்லை. சிசி முறையில் ரீப்பர் தானாக எதையும் திருப்பி அனுப்பாது, விளக்கு அழுத்தும்போது மின்னி அணைவதோடு சரி.

விளக்கு உண்மை பேச வேண்டுமானால் மேக்கி கன்ட்ரோல் முறை (மென்பொருளும் கன்ட்ரோலரும் இருபக்கமும் பேசிக்கொள்ளும் பொதுமொழி). நானோகண்ட்ரோல்2-இல் மென்பொருளுக்கு ஒரு முறை வீதம் உண்டு; எந்தப் பட்டனைப் பிடித்தபடி சொருகுவது என்ற பட்டியல் பெட்டியோடு வரும் தாளில் இருக்கிறது. அதில் க்யூபேஸ் முறையைப் பிடியுங்கள், அது மேக்கி மொழி. ரீப்பரில் பிரிஃபரன்சஸ், கன்ட்ரோல் ஓஎஸ்சி வெப், ஆட், மேக்கி கன்ட்ரோல் யுனிவர்சல். மிடி இன்புட், அவுட்புட் இரண்டிலும் நானோகண்ட்ரோல்2. அவுட்புட்டைக் காலியாக விட்டால் பட்டன் வேலை செய்யும், விளக்கு செய்யாது. மிடி இன்புட்ஸ் பக்கத்தில் இதே பெட்டிக்கு எந்த டிக்கும் இருக்கக் கூடாது. இருந்தால் மேக்கி அனுப்பும் நோட் செய்திகள் ஆர்மோனியத்தில் சுரமாகக் கேட்கும்.

அந்த மொழியில் பட்டன் எல்லாம் நோட்: ரிவைண்ட் 91, ஃபார்வர்டு 92, ஸ்டாப் 93, பிளே 94, ரெக் 95. ஆர்ம் 0 முதல் 7, சோலோ 8 முதல் 15, மியூட் 16 முதல் 23. ஃபேடர்கள் பிட்ச்பெண்டாகப் போகும், சேனலுக்கு ஒன்று. ரெக்கார்ட் ஓடும்போது ரீப்பர் 95-ஐ 127 வேகத்தோடு திருப்பி அனுப்பும், விளக்கு எரியும். நின்றால் 0, அணையும். மௌஸால் நிறுத்தினாலும் அணையும்.

இந்த முறைக்குள் எடிட்டரில் பட்டனை மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் எட்டு டிராக்குக்குள் முடிகிற வேலைக்கு மாற்றத் தேவையும் இல்லை.

---

கோரிமேடு_மிக்ஸ்:

கொண்டைஊசி அண்ணா, கேட்டவருக்கு ரீடேக் பட்டன் வேணும். மேக்கியில் எல்லாப் பட்டனும் முன்பே யாரோ ஒருவர் பெயரில் பட்டா ஆகியிருக்கும். அவருக்குச் சோலோ, மியூட் வேண்டவே வேண்டாம், அந்த 16 பட்டனும் சும்மா கிடக்கும்.

இரண்டும் வேணும் என்றால் ரியாலேர்ன், ரீப்பருக்கான மேப்பிங் பிளக்இன். ரியாபேக் (ரீப்பருக்குத் துணைநிரல் இறக்கும் கருவி) வழியாக இறக்கலாம், இலவசம். மானிட்டரிங் எஃப்எக்ஸில் போட்டுவிட்டால் எந்தப் புராஜெக்ட் திறந்தாலும் இருக்கும். கன்ட்ரோல் இன்புட், ஃபீட்பேக் அவுட்புட் இரண்டிலும் நானோகண்ட்ரோல்2. எடிட்டரில் எல்இடி மோடை இன்டர்னலிலிருந்து எக்ஸ்டர்னல் ஆக்கி ரைட் செய்யணும். அதன் பிறகு ரியாலேர்ன் சிசி 45-ல் 127 அனுப்பினால் ரெக் விளக்கு எரியும், 0 அனுப்பினால் அணையும். பட்டன் மொமென்டரியாகவே இருக்கட்டும். இதற்கு மட்டும் ரீப்பரின் மிடி பக்கத்தில் பெட்டிக்கு இன்புட்டும் அவுட்புட்டும் இயங்கணும். டிராக் இன்புட்டைக் கீபோர்டுக்குக் கட்டியிருந்தால் பழைய ஒழுகல் வராது. ஆக்‌ஷன் லிஸ்டில் முன்பு ஒதுக்கின ஷார்ட்கட்டை அழிக்க மறக்காதீங்க. இரண்டு இடத்திலும் இருந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு தடவை ஓடும், ரெக் தொடங்கின கையோடு நிற்கும்.

---

கொண்டைஊசி20:

பட்டா விஷயம் ஒப்புக்கொள்கிறேன்.

---

அம்மாபேட்டை_ஒலி:

இருவருக்கும் நன்றி. சேனல் 16, மொமென்டரி, கன்ட்ரோல் மட்டும்: மூன்றும் செய்தாயிற்று. 1, 2, 4 தீர்ந்தது. எடிட்டர் முதலில் பெட்டியைக் காணவே இல்லை, ரீப்பர் மூடியிருந்தும். வேறு கணினியில் மாற்றி எழுதிக்கொண்டு வந்தேன்.

இப்போது இரண்டு கேள்வி. ஃபேடரை டிராக் வால்யூமுக்குக் கட்டினால் தொட்டவுடன் சத்தம் எகிறிக் குதிக்கிறது. இன்னொன்று, ரெக்கை நிறுத்தியதும் லேப்டாப்பில் கோப்பை வைத்துக்கொள்ளவா அழிக்கவா என்று ஒரு பெட்டி திறந்து நிற்கிறது. அது மூடும்வரை எந்தப் பட்டனும் எடுபடவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த அறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

---

தொங்கும்பூங்கா:

ஃபேடருக்கு: ஆக்‌ஷன் லிஸ்டில் செட் வால்யூம் ஃபார் டிராக் 01 என்று இருப்பதை எடுத்து ஆட் செய்யும்போது அந்தச் சின்னப் பெட்டியிலேயே சாஃப்ட் டேக்ஓவர் டிக் இருக்கிறது. போட்டால், கை ஃபேடர் திரை ஃபேடரின் மட்டத்தைக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடந்ததும் பிடித்துக்கொள்ளும். மோட்டார் இல்லாத எந்த ஃபேடருக்கும் இது தேவை. அங்கேயே அப்சல்யூட், ரிலேட்டிவ் என்று கேட்கும். நானோகண்ட்ரோல்2-க்கு அப்சல்யூட். முடிவில்லாமல் சுற்றும் குமிழுள்ள வேறு கன்ட்ரோலர் வாங்கினால் ரிலேட்டிவ் 1, 2, 3 மூன்றையும் மாற்றிப் பாருங்கள்: குறைப்பதற்கு 127 அனுப்பும் குமிழுக்கு 1, 63 அனுப்பினால் 2, 65 அனுப்பினால் 3. தவறானதைப் போட்டால் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே பக்கம் ஓடும், இல்லையென்றால் கடைசிக்கே குதிக்கும்.

பெட்டி திறப்பதற்கு: பிரிஃபரன்சஸ், ரெக்கார்டிங் பக்கத்தில் நிறுத்தியதும் கேட்கும் டிக்கை எடுத்துவிடலாம். அதைவிட நல்ல வழி ஸ்டாப் பட்டனுக்கு 1016-ஐ எடுத்துவிட்டு 40667 போடுவது. அது நிறுத்தி, கேட்காமல் சேமித்துவிடும்.

40668 என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. நிறுத்தி, அந்த ஓட்டத்தில் பதிவானதை எல்லா டிராக்கிலும் அழித்துவிடும், கோப்போடு. ரீடேக்குக்கு இதைத்தான் பலர் போடுகிறார்கள். வேண்டாம். பாடகர் தப்பு என்று நினைத்த டேக்கில்தான் சில சமயம் பல்லவி நன்றாக விழுந்திருக்கும், உடுக்கையும் சேர்ந்து போயிருக்கும், அன்டூ அதைத் திருப்பித் தராது.

பதிலாகக் கஸ்டம் ஆக்‌ஷன் செய்யுங்கள். ஆக்‌ஷன் லிஸ்டில் நியூ ஆக்‌ஷன், நியூ கஸ்டம் ஆக்‌ஷன். இந்த வரிசையில் இழுத்துப் போடுங்கள்:

40667, நிறுத்திச் சேமி
40029, அன்டூ
கோ டு ஸ்டார்ட் ஆஃப் டைம் செலக்‌ஷன்
1013, ரெக்கார்ட்

அன்டூ திரையிலிருந்து அந்த டேக்கை எடுத்துவிடும், வேவ் கோப்பு புராஜெக்ட் ஃபோல்டரிலேயே கிடக்கும். வேண்டுமானால் பிறகு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஃபோல்டர் வீங்கும், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி. மாலையில் ஃபைல் மெனுவில் கிளீன் கரண்ட் புராஜெக்ட் டைரக்டரி.

இந்தக் கஸ்டம் ஆக்‌ஷனை பதிவு ஓடும்போது மட்டும் தட்ட வேண்டும். நின்ற பிறகு தட்டினால் அன்டூ அதற்கு முந்தைய வேலையை விழுங்கிவிடும். அதனால் ரெக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சைக்கிள் பட்டனில் (46) வையுங்கள், மேலே சிவப்பு ஸ்டிக்கர்.

டைம் செலக்‌ஷன் என்றதும் இன்னொன்று. ரெக் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டைம் செலக்‌ஷன் ஆட்டோ பஞ்ச் என்ற ரெக்கார்ட் மோடைப் போட்டால் தேர்ந்தெடுத்த சரணத்தில் மட்டும்தான் பதிவாகும், முன்னும் பின்னும் பழையது ஓடும். மெட்ரோனோம் பட்டன் ரைட் கிளிக்கில் ரெக்கார்டுக்கு முன் ப்ரீரோல் இரண்டு தாளவட்டம் வைத்தால் பாடுகிறவர் மூச்செடுத்து உள்ளே வர இடம் கிடைக்கும். இந்த மோடில் கஸ்டம் ஆக்‌ஷனை டைம் செலக்‌ஷனுக்குள் பதிவு தொடங்கிய பிறகு தட்டுங்கள். ப்ரீரோலிலேயே தட்டினால் அன்டூ செய்வதற்கு டேக் எதுவும் இருக்காது, வேறெதையாவது பிடித்துக்கொள்ளும்.

எடிட்டர் பெட்டியைக் காணாதது: டிவைஸ் மேனேஜரில் வியூ, ஷோ ஹிடன் டிவைசஸ். சவுண்டு வீடியோ கேம் கன்ட்ரோலர்ஸ் கீழே, மங்கலாகத் தெரிகிற பழைய மிடி பதிவுகளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். துளை மாற்றி மாற்றிச் சொருகியதில் சேர்ந்தவை அவை. மிடி துறை எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் எடிட்டருக்குப் பெட்டி எட்டாமல் போகும்.

---

செவ்வாய்ப்பேட்டை_சால்டர்:

உடுக்கை வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலை. காலுக்குக் கொடுங்க தம்பி. நாலு பட்டன் பெட்டி ஒன்று செய்தால் முடிந்தது.

வேண்டியவை: ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ போர்டு 1, மொமென்டரி கால் சுவிட்ச் 4, அலுமினியப் பெட்டி, ஒயர். ஆர்டுயினோ ஊனோ வாங்கிவிடாதீங்க. அதன் யூஎஸ்பி நேரடியாக மிடி ஆகாது, 32யூ4 ஆகும். கிடார் பெடல் சுவிட்ச் கேட்டால் கடையில் ஒன்பது கால் (ஒயர் இணைக்கும் முனை) உள்ளதைக் கொடுப்பார்கள். அது ஒரு மிதிக்கு மூடி, மறுமிதிக்குத் திறப்பது. மறுபடி டாகிள் கதைதான். இரண்டு கால் உள்ள, விட்டதும் திரும்புவதைக் கேளுங்க.

இணைப்பு: நாலு சுவிட்சின் ஒரு காலெல்லாம் சேர்த்து கிரவுண்டுக்கு, மறுகால் 2, 3, 4, 5 பின்களுக்கு. வெளி ரெசிஸ்டர் வேண்டாம், பின்னை இன்புட் புல்அப் என்று அறிவித்தால் உள்ளேயே இருக்கிறது. அதனால் மிதிக்காதபோது ஹை, மிதித்தால் லோ. நிரலில் இதைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் உண்டு, விடும்போது ரெக்கார்ட் ஓடும்.

மிடியூஎஸ்பி லைப்ரரி. ஒவ்வொரு செய்திக்கும் நாலு எண்: 11, 191, சிசி எண், மதிப்பு. 11 என்பது யூஎஸ்பிக்கு "இது சிசி" என்று சொல்வது. 191 என்பது 176-உடன் 15 சேர்ந்தது, அதாவது சேனல் 16 (எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும், 16 சேர்த்தால் வேறு செய்தி ஆகிவிடும்). சிசி எண்ணுக்கு 102 முதல் 105. மிடியில் 102-இலிருந்து 119 வரை யாருக்கும் ஒதுக்காத எண்கள், யாரோடும் மோதாது. 120-ஐயும் அதற்கு மேலே உள்ளதையும் தொடாதீங்க, அவை எல்லாச் சத்தத்தையும் நிறுத்து போன்ற கட்டளைகள். மிதித்தால் 127, விட்டால் 0. அனுப்பிய பின் ஃபிளஷ் அழைப்பு விட்டுப்போனால் செய்தி போர்டுக்குள்ளேயே தேங்கும். "கோடு சரியாக இருக்கு, ஒன்றும் வரவில்லை" என்பது பெரும்பாலும் இதுதான்.

டிபவுன்ஸ் 30 மில்லிசெகண்ட் வையுங்க. சுவிட்சுக்குள் தகடு படும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், போர்டு அதை நாலைந்து மிதியாக எண்ணும். ரெக் தொடங்கி அதே கணத்தில் நிற்பது, அன்டூ ஒன்றுக்கு மூன்றாகப் போவது எல்லாம் துள்ளலால். டிலே போட்டு நிறுத்தாமல், கடைசியாக மாறின நேரத்தை மில்லிஸில் குறித்துவைத்து ஒப்பிடுங்க. நாலு சுவிட்சும் தனித்தனியாக.

ஆர்டுயினோ ஐடிஇயில் (நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) போர்டு தேர்வு 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸா, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸா என்று பார்த்து ஏற்றுங்க. மாற்றி ஏற்றினால் கணினி போர்டையே காணாது. பயப்பட வேண்டாம். ரீசெட் பின்னை கிரவுண்டோடு சட்டென்று இரண்டு முறை தொடுங்க, 8 நொடி பூட்லோடர் (புது நிரலை வாங்கிக்கொள்ளும் பகுதி) விழித்திருக்கும், அதற்குள் சரியானதை ஏற்றிவிடணும். போனுக்கு வந்த சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளைப் போட்டாலும் இதே மாதிரி காணாது, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்க.

யூஎஸ்பி கேபிள் சாதாரணமானது 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். அடுத்த அறை தூரம் என்றால் உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன்.

பெட்டிக்குக் கீழே ரப்பர் ஷீட் ஒட்டி, மைக் ஸ்டாண்டு நிற்கிற பலகையில் வைக்காமல் தனிச் சாக்கு மேல் வையுங்க. மிதிக்கிற டக் சத்தம் தரை வழியாக ஸ்டாண்டில் ஏறும். தறிச் சத்தத்தைத் தடுத்துவிட்டு இதை விட்டுவிடக் கூடாது.

---

கொண்டைஊசி20:

ஒரு சேர்க்கை. பியானோ சஸ்டெய்ன் பெடல் கையில் இருந்தால் அதுவும் வெறும் சுவிட்ச்தான், கால் இஞ்ச் சாக்கெட் ஒன்று வைத்து அதே பின்னுக்குக் கொடுக்கலாம். சில பெடல் மிதிக்காதபோது மூடியிருக்கும், சில திறந்திருக்கும். போர்டு உயிர் பெறும்போது பின்னின் நிலையைப் படித்து "இதுதான் ஓய்வு நிலை" என்று வைத்துக்கொள்ளும்படி எழுதினால் எந்தப் பெடலும் சேரும். சொருகும்போது காலை மேலே வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: தொடாமலே பட்டன் ஓடினால், ஃபேடர் தானே 63, 64 என்று நடுங்கினால், மேப்பிங்கில் தேடாதீர்கள். மூடுபனியில் குளிர்ந்த கருவியை அடுப்பெரியும் அறைக்குள் நேராக எடுத்தால் உள்ளே ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ஃபேடர் நடுக்கம் தொடர்ந்தால் உள்ளே தூசி; பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு, இருபது முறை மேலும் கீழும். ரப்பர் பட்டன் அழுத்தியும் எடுக்காவிட்டால் அடியிலுள்ள கரிப்பொட்டையும் போர்டின் தகட்டையும் ஐசோப்ரொப்பைல் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். சுரண்டக் கூடாது, கரி உதிர்ந்துவிடும்.

நடுங்குவது கருவியா மென்பொருளா என்று அறிய, ரீப்பரை மூடிவிட்டு மிடி-ஆக்ஸ் (வரும் மிடி செய்திகளை வரிவரியாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். கை வைக்காதபோது ஒரு வரிகூட ஓடக் கூடாது.

---

அம்மாபேட்டை_ஒலி:

40667-உம் கஸ்டம் ஆக்‌ஷனும் வேலை செய்கிறது. பெட்டி திறப்பது நின்றது. மங்கல் பதிவுகள் 14 இருந்தன, எடுத்ததும் எடிட்டர் இங்கேயே கண்டுகொண்டது. செவ்வாய்ப்பேட்டை அண்ணா, கால் பெட்டியில் நாலில் எதை எங்கே வைப்பது? ரெக், ரீடேக், மார்க்கர், ஸ்டாப் என்று எண்ணம்.

---

செவ்வாய்ப்பேட்டை_சால்டர்:

ரெக்கும் ஸ்டாப்பும் இரண்டு ஓரத்தில், நடுவில் மார்க்கர். ரீடேக்கைக் காலில் வைப்பதானால் மற்ற மூன்றுக்கும் மேல் வரிசையில், சுற்றி ஒரு வளையம் ஒட்டி, தெரியாமல் மிதிபடாத மாதிரி. இருட்டில் கால் எதையும் படிக்காது. நாலுக்கும் இடையே குறைந்தது 7 சென்டிமீட்டர் விடுங்க.